பாட்டி வைத்திருந்த வெள்ளி ரூபாய் ‘புழக்கத்துக்கே போகாததா’? கிரேடு கணிப்பது எப்படி, சான்றிதழ் வாங்கினால் கட்டுபடியாகுமா?

தீபாவளிக்கு முந்தைய வாரம் பீரோவை ஒதுக்கும்போது பல வீடுகளில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு கையில் அகப்படும். அவிழ்த்துப் பார்த்தால் நாலைந்து வெள்ளி ரூபாய். ஒரு பக்கம் மகுடம் சூடிய ராஜா, மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘ஒன் ருபீ, இந்தியா’ என்ற எழுத்து, கூடவே ஆண்டு. பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ சேர்த்து வைத்தது.

அதில் ஒன்று மட்டும் மற்றதைவிடப் பளிச்சென்று இருக்கும். “இது புழக்கத்துக்கே போகலை போலிருக்கே” என்று யாராவது சொல்வார்கள். அங்கேதான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

அடுத்த அரை மணி நேரம் செல்போனில் தேடினால், அதே ஆண்டு ரூபாய் ஒன்று கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைக்கப்பட்டு, ‘எம்.எஸ். 65’ என்ற லேபிளோடு பெரிய விலைக்குப் போனதாகத் தெரியவரும். பெட்டி இல்லாத அதே காசு கடைத்தெருவில் வெள்ளி விலைக்குச் சற்று மேலே விற்கிறது. அப்படியானால் நாமும் அனுப்பி ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் என்ன?

சுருக்கமான பதில்: பெரும்பாலான காசுகளுக்கு வேண்டாம். செலவு வரவைத் தின்றுவிடும். அதைவிட முக்கியமாக, நூறு வருடம் தாண்டிய காசை வெளிநாட்டுக்கு அனுப்புவது இந்தியச் சட்டப்படி குற்றம். ஆனால் கிரேடை நீங்களே ஓரளவு கணிக்கத் தெரிந்துகொண்டால், வாங்கும்போதும் விற்கும்போதும் ஏமாற மாட்டீர்கள். அதற்கு ஒரு மேஜை விளக்கும் ஒரு லென்ஸும் போதும்.

உதாரணத்துக்கு 1918ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்வோம்.

ஏன் 1918?

இந்தியா முழுக்க வீடுகளில் அதிகம் கிடைக்கும் வெள்ளி ரூபாய்களில் இதுவும் ஒன்று. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1917 நவம்பர் 30ஆம் தேதி அரசு ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. ஆனால் மக்களுக்குக் காகிதத்தின் மீது நம்பிக்கை வரவில்லை. வெள்ளியை வீட்டில் பதுக்கினார்கள், நாணயச் சாலைகளில் வெள்ளி தட்டுப்பாடு வந்தது.

பிரிட்டன் அமெரிக்காவிடம் போய் நின்றது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா ‘பிட்மன் சட்டம்’ கொண்டுவந்து, தன் கருவூலத்தில் இருந்த வெள்ளி டாலர்களில் சுமார் 27 கோடியை உருக்கியது. அதில் கிட்டத்தட்ட 26 கோடி டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. அந்த வருடம் பம்பாய், கல்கத்தா ஆகிய இரண்டு நாணயச் சாலைகளும் தலா 20 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தன. உங்கள் கையில் இருப்பது ஒரு காலத்தில் அமெரிக்க டாலராகக்கூட இருந்திருக்கலாம்!

இவ்வளவு அடித்ததால் இது அரிய காசு அல்ல. எடை 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம், அதாவது சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்க, அதுதான் இந்தக் காசின் தரைவிலை. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் அதன் நிலையைப் பொறுத்தது. அதனால்தான் கிரேடு என்ற பேச்சே வருகிறது.

‘அன்சர்குலேட்டட்’ என்றால் பளபளப்பு என்று அர்த்தமா?

இல்லை. பலரும் சறுக்குவது இங்கேதான்.

‘அன்சர்குலேட்டட்’, கடைக்காரர்கள் மொழியில் ‘யு.என்.சி.’ என்றால், அந்தக் காசு கைமாறித் தேயவில்லை என்று மட்டுமே அர்த்தம். கறுத்துப்போன காசும் யு.என்.சி.யாக இருக்கலாம். கண்ணாடி மாதிரி மின்னும் காசு நன்றாகத் தேய்ந்து, பிறகு பாலிஷ் போடப்பட்டதாக இருக்கலாம். கீறல் விழுந்த காசும் யு.என்.சி.தான். நாணயச் சாலையில் அடித்த காசுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மூட்டையில் கட்டப்பட்டு, ரயிலில் குலுங்கித்தான் கருவூலத்துக்கு வந்தன. அந்தப் பயணத்தில் பட்ட அடிகளை ‘பேக் மார்க்’ என்கிறார்கள். அது தேய்மானக் கணக்கில் சேராது.

ஆக முதல் கேள்வி “மின்னுகிறதா?” என்பதல்ல. “தேய்ந்திருக்கிறதா?” என்பதுதான்.

தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேஜை விளக்கை மட்டும் எரிய விடுங்கள். மேஜையில் மெத்தென்ற துணி விரியுங்கள், காசு நழுவினால் காப்பாற்றும். காசை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். முகத்தில் கட்டைவிரல் பட்டால் அந்த ரேகை சில மாதங்களில் வெள்ளியில் கறையாகப் பதிந்துவிடும்.

இப்போது காசை விளக்கடியில் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். தேயாத காசில் ஒளி ஒரு இடத்தில் நிற்காது. மையத்திலிருந்து விளிம்பு வரை ஆரக்கால் மாதிரி பட்டைகளாக, வண்டிச் சக்கரம் போலச் சுற்றி ஓடும். இதைத்தான் ‘லஸ்டர்’ என்கிறார்கள். அச்சு இறங்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுச்செல்கிறது. அந்த வரிகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் அது. பாலிஷ் போட்ட காசில் இந்த ஓட்டம் இருக்காது. எவர்சில்வர் தட்டு மாதிரி மொத்தமாக ஒரே மினுக்கு மட்டும் இருக்கும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது.

அடுத்து மேடான இடங்களைப் பாருங்கள். காசு தேய ஆரம்பிப்பது அங்கேதான். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ராஜாவின் கன்னம், புருவம், காது, தாடி, மகுடத்தின் விளிம்பு, அப்புறம் மார்பில் அங்கியின் மேல் இருக்கும் குட்டி யானை. ஒளிச் சக்கரம் சுற்றும்போது கன்னத்தின் மேல் வந்து உடையாமல் தாண்டிப் போகிறதா? போனால் நல்ல அறிகுறி. கன்னத்தில் மட்டும் மங்கலான சாம்பல் திட்டு தெரிந்தால், அது சில காலம் யாரோ ஒருவர் மடியில் இருந்த காசு.

(அந்த யானைக்கு ஒரு கதை உண்டு. 1911இல் முதலில் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் தும்பிக்கையும் கால்களும் குட்டையாக இருந்ததால் மக்கள் அதைப் பன்றி என்று நினைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அரசு அந்தக் காசுகளில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்று உருக்கி, 1912இல் யானையைத் திருத்தி வரைந்தது. ‘பிக் ருபீ’ என்று இன்றும் சேகரிப்பவர்கள் தேடுவது இதைத்தான்.)

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில காசுகளில் அச்சு சரியாக இறங்கியிருக்காது. யானையின் கண்ணோ தாடியின் முடியோ பதிந்திருக்காது. பார்த்தால் தேய்மானம் மாதிரியே இருக்கும். எப்படிப் பிரிப்பது? அச்சு இறங்காத இடத்திலும் லஸ்டர் இருக்கும், ஒளி அங்கேயும் ஓடும். தேய்ந்த இடத்தில் ஒளி செத்துக் கிடக்கும். வடிவம் மழுங்கியிருக்கிறதா என்பதைவிட ஒளி ஓடுகிறதா என்பதையே நம்புங்கள்.

அந்த 60, 63, 65 எல்லாம் என்ன?

1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு அளவுகோல் போட்டார். 1 என்ற நிலையில் இருக்கும் காசைப் போல 70 மடங்கு விலை 70ஆம் நிலைக் காசுக்கு என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு எப்போதோ பொய்த்துவிட்டது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. (நேர்மைக்கு அளவுகோல் போட்ட இந்த மனிதர், அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல செப்புக் காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்துவிட்டார் என்பது அவர் இறந்த பிறகு வெளியே வந்தது!)

இன்று உலகம் முழுக்க இந்த அளவுகோல்தான். 60 முதல் 70 வரை ‘எம்.எஸ்.’, அதாவது மின்ட் ஸ்டேட். தேய்மானமே இல்லாத காசு. 50 முதல் 58 வரை ‘ஏ.யு.’, லேசாகத் தேய்ந்தது.

எம்.எஸ். 60 முதல் 62 வரை என்றால் தேயவில்லை, ஆனால் அடி நிறைய, அல்லது லஸ்டர் மங்கல். 63 என்றால் கண்ணுக்குக் குறைகள் தெரியும், ஆனாலும் மொத்தத்தில் நன்றாக இருக்கும். 64இல் குறைகள் சில. 65இல் லஸ்டர் முழுசாக இருக்க வேண்டும், கன்னத்தில் பெரிய அடி எதுவும் இருக்கக் கூடாது. 70 என்றால் ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியக் கூடாது. மூட்டையில் உருண்டு வந்த 1918 ரூபாய்க்கு அதைக் கனவிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

எண்ணைக் கணிக்கும்போது அடிகளை எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள், எங்கே பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். மறுபக்கப் பூவேலைப்பாட்டுக்குள் ஐந்து அடி இருந்தாலும் ஒளிந்துகொள்ளும். ராஜாவின் கன்னத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் முதலில் கண் அங்கேதான் போகும், கிரேடும் அங்கேதான் இறங்கும்.

இன்னொரு விசித்திரம். ஏ.யு. 58 காசு பல நேரம் எம்.எஸ். 60, 61 காசைவிட அழகாக இருக்கும். முதலாவது மேடான இடத்தில் மட்டும் லேசாக உரசியது, இரண்டாவது தேயாவிட்டாலும் முகமெல்லாம் அடி வாங்கியது. எண்ணுக்காக அல்லாமல் பார்ப்பதற்காக வாங்குகிறவர்கள் 58ஐத் தேடி வாங்குவது இதனால்தான். எனக்குக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம்.

நீங்கள் கணித்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, அதைப் பார்க்காமல், மறுபடி கணியுங்கள். முதல் தடவை 64 என்று எழுதியவர்கள் இரண்டாம் தடவை 62 என்று எழுதுவது சாதாரணம். நம்ம காசு என்ற பாசம் ஒரு வாரத்தில் கொஞ்சம் தணிந்துவிடும். இரண்டில் குறைவானதையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் படத்தை வைத்துக் கணிக்கவே வேண்டாம். கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்துவிடும், மெல்லிய கீறல்களை அழித்துவிடும். விற்பவர்கள் அனுப்பும் படத்துக்கும் இது பொருந்தும்.

புளி, விபூதி, பற்பசை: விலையைக் கொல்லும் மூவர்

இந்தியக் காசுகளைப் பொறுத்தவரை 63ஆ 64ஆ என்ற சண்டையெல்லாம் பிறகு. சுத்தம் செய்யப்பட்டதா, இல்லையா? பாதிக் காசுகளின் தலையெழுத்து இந்தக் கேள்வியில் முடிந்துவிடும்.

நம்ம வீடுகளில் வெள்ளி கறுத்தால் சும்மா விடுவோமா? பூஜைக்கு முன் விபூதி போட்டுத் தேய்ப்போம். குத்துவிளக்குக்குக் கரைத்த புளியில் காசையும் போடுவோம். பற்பசை, சமையல் சோடா, பாத்திரப் பொடி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழி. இவை எல்லாம் கறையோடு சேர்த்து அந்த நுண்ணிய வரிகளையும் எடுத்துவிடும். விபூதி போன்ற பொடிகள் மெல்லிய இணைகோடுகளை விட்டுச்செல்லும். லென்ஸ் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் தலைமுடி மாதிரி ஒரே திசையில் ஓடும் கீறல்கள். இதற்கு ‘ஹேர்லைன்’ என்று பெயர்.

இப்படிப்பட்ட காசை கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பினால் எண்ணே கிடைக்காது. ‘யு.என்.சி. டீடெய்ல்ஸ், கிளீண்டு’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். காசு அசல், தேயவில்லை, ஆனால் சுத்தம் செய்து கெட்டுவிட்டது என்று பொருள். கட்டணம் கட்டணம்தான், திரும்ப வராது.

இதே ‘டீடெய்ல்ஸ்’ கூடைக்குள் விழும் வேறு சிலவும் நம்ம நாட்டில் அதிகம். காசு மாலையிலோ பதக்கத்திலோ கோர்க்க வளையம் பற்றவைத்து, பிறகு அதை அகற்றியவை. விளிம்பை லென்ஸில் பார்த்தால் பன்னிரண்டு மணி இடத்தில் ஈயப் பற்று தெரியும். சட்டைப் பொத்தானாக இருந்தவை. அந்தக் கால சராப்புகள் வெள்ளி சுத்தமா என்று பார்க்கக் குத்திய சின்னச் சின்னக் குறிகள் உள்ளவை. வரலாறாகப் பார்த்தால் சுவாரசியம், கிரேடாகப் பார்த்தால் சேதம்.

கறுப்பும் நீலமும் பொன்னிறமும் கலந்து இயற்கையாக ஏறிய நிறத்தை ‘டோனிங்’ என்பார்கள். அது குறை அல்ல. அழகாக இருந்தால் விலையை ஏற்றவும் செய்யும். அதனால் துணி முடிச்சில் கறுத்த காசு கிடைத்தால் கையை வைக்காதீர்கள். விற்கும் முன் “ஒரு தேய் தேய்த்துக் கொடுக்கட்டுமா?” என்று கேட்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சான்றிதழில் என்னதான் கிடைக்கிறது?

உலகச் சந்தையில் இரண்டு பெயர்களுக்குத்தான் அதிக மதிப்பு. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள், எண்பதுகளின் மத்தியில் தொடங்கியவை. காசை ஒருவருக்கு மேற்பட்ட நிபுணர்கள் பார்ப்பார்கள். அசல் என்றால் எண் போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைப்பார்கள். அதைத்தான் ‘ஸ்லாப்’ என்கிறார்கள். பெட்டியில் உள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் விவரம் வரும்.

கிடைப்பது மூன்று: போலி அல்ல என்ற உறுதி, ஒரு கிரேடு எண், பாதுகாப்பான பெட்டி. இதில் முதலாவதுதான் உண்மையான மதிப்பு. இரண்டாவது ஒரு கருத்து. அனுபவமுள்ளவர்களின் கருத்துதான், ஆனாலும் கருத்து. 64 கிடைத்த காசைப் பெட்டியிலிருந்து உடைத்து எடுத்து மறுபடி அனுப்பி 65 வாங்குகிறவர்கள் உண்டு. 63 வாங்கித் தலையில் கை வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே உள்ள எண்கள் கணக்கு புரிவதற்காக மட்டும், சந்தை விலை அல்ல.

உங்களிடம் பார்க்க நன்றாக இருக்கும் பத்துக் காசுகள். பெட்டி இல்லாமல் விற்றால் ஒன்று 3,000 ரூபாய், மொத்தம் 30,000. சான்றிதழ் வாங்க ஒரு காசுக்கு 5,000 ஆகிறது என்று வைப்போம். கிரேடிங் கட்டணம் மட்டும் இவ்வளவு வராதே என்பீர்கள். உறுப்பினர் கட்டணம், போக வர பார்சல் செலவு, காப்பீடு, இடைத்தரகர் கமிஷன், டாலர் மாற்று விகிதம் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொத்தம் 50,000.

முடிவு வருகிறது. மூன்று காசு ‘டீடெய்ல்ஸ்’, தலா 2,500. மூன்று 62, தலா 4,000. இரண்டு 63, தலா 6,000. இரண்டு 64, தலா 11,000. கூட்டினால் 53,500. செலவு போக கையில் 3,500 ரூபாய். சும்மா விற்றிருந்தால் 30,000.

“சரி, அதில் ஒன்று 65 வந்தால்?” ஒரு 64க்குப் பதிலாக 25,000 ரூபாய்க்குப் போகும் ஒரு 65 வந்ததாக வைப்போம். மொத்தம் 67,500. செலவு போக 17,500. அப்போதும் நஷ்டம்தான்! 65க்கு இவ்வளவு விலை போனது என்று நாம் பார்ப்பது பரிசு விழுந்த சீட்டை மட்டும்தான். விழாத சீட்டுகளை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

அதனால் அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நான் நினைப்பதைவிட ஒரு படி குறைவாக வந்தாலும் கட்டுபடியாகுமா? ஆமாம் என்றால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

ஆனால் அனுப்பவே முடியுமா?

கணக்கு சரியாக வந்தாலும் சட்டம் குறுக்கே நிற்கும் இடம் இது. கிரேடிங் பற்றிப் பேசும் வீடியோக்களில் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

1972ஆம் ஆண்டின் ‘தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம்’ நூறு வருடத்துக்குக் குறையாத பழைமை உள்ள எந்த நாணயத்தையும் தொல்பொருள் என்கிறது. தங்கமா செம்பா, அரியதா சாதாரணமா என்ற பாகுபாடு இல்லை. தொல்பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, அதோடு அபராதம்.

“நான் விற்க அனுப்பவில்லையே, கிரேடு போட்டுத் திரும்பி வந்துவிடுமே” என்ற வாதம் சுங்கத் துறையிடம் எடுபடும் என்று நம்பி அனுப்பாதீர்கள். நாட்டை விட்டு வெளியே போனாலே ஏற்றுமதிதான்.

நூறு வருடம் என்றால் ராஜராஜ சோழன் காசு என்று நினைக்க வேண்டாம். விக்டோரியா, ஏழாம் எட்வர்ட் ரூபாய்கள் எல்லாம் எப்போதோ தாண்டிவிட்டன. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் 1918 ரூபாய் 2018இல் தாண்டியது, 1922 ரூபாய் 2022இல் தாண்டியது. அதன் பிறகு புழக்கத்துக்கான வெள்ளி ரூபாய் 1938இல் ஆறாம் ஜார்ஜ் பெயரில்தான் வருகிறது. ஆக நம்ம வீட்டு முடிச்சுகளில் இருக்கும் பழைய வெள்ளி ரூபாய்களில் பெரும்பாலானவை இன்று சட்டத்தின் கண்ணில் தொல்பொருள்.

நூறு ஆகாத காசு என்றால் தடை இல்லை, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். சந்தேகம் வரும்போது இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கி வைப்பது நல்லது. தபாலிலும் கூரியரிலும் காசுக்கும் விலையுயர்ந்த உலோகத்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. “பொம்மை என்று எழுதி அனுப்பிடலாம் சார்” என்று யோசனை சொல்பவர், பார்சல் பிடிபட்டால் உங்களோடு வந்து நிற்கப் போவதில்லை.

அப்படியானால் யாருக்குத்தான் சான்றிதழ் தேவை?

விலை பெரிது, போலி பயமும் பெரிது என்ற காசுகளுக்கு. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் நல்ல உதாரணம். மிக அரிது. அந்த அருமையே போலிகளையும் கொண்டுவருகிறது. சாதாரண ஆண்டுக் காசில் கடைசி எண்ணை மாற்றினால் போதும் என்று நினைக்கும் கைகள் உண்டு. நூறு ஆகாத காசு என்பதால் அனுப்பவும் தடை இல்லை. வாங்குபவர் பெரிய தொகை கொடுக்கும் முன் மூன்றாவது ஆள் ஒருவரின் உறுதி கேட்பது நியாயம்.

வீட்டிலேயே ஒரு முன்சோதனை செய்யலாம். நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள், 11.66 கிராமிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகினால் சந்தேகப்படுங்கள். காந்தம் வையுங்கள், வெள்ளி ஒட்டாது. ஒட்டிவிட்டது என்று உடனே பயப்படவும் வேண்டாம், முதலில் ஆண்டைப் பாருங்கள். 1947 ரூபாய்கள் நிக்கல், புலி படம் போட்டவை. அவை ஒட்டத்தான் செய்யும்.

நாணயச் சாலை விற்கும் புது செட்டுகள்?

மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய அரசு நாணயச் சாலைகளை நடத்தும் எஸ்.பி.எம்.சி.ஐ.எல். நிறுவனம், நினைவு நாணயங்களை ‘யு.என்.சி.’, ‘புரூஃப்’ என்று இரண்டு வகையாக விற்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த 1,000 ரூபாய் வெள்ளி நாணயம் பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவின் முதல் 1,000 ரூபாய் நாணயம் அது.

இவை மூட்டையில் உருளவில்லை, கவனமாகப் பெட்டியில் போடப்பட்டவை. அதனால் உயர்ந்த கிரேடு வருவது பெரிய விஷயமில்லை. எல்லோருக்கும் 68, 69 கிடைக்கும் இடத்தில் அந்த எண்ணுக்கு யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்? மேலும் சான்றிதழுக்காக அசல் உறையைப் பிரித்தாக வேண்டும். இந்தியாவில் வாங்குகிறவர்கள் பலர் முதலில் கேட்பதே பிரிக்காத உறையைத்தான்.

ஸ்லாப் போட்ட காசை வாங்கும்போது

பெட்டியில் இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடாதீங்க. என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். பெட்டிகளுக்கே போலி வருகிறது. பெட்டியின் எண்ணை அந்த நிறுவனத் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், விற்பவர் அனுப்பும் இணைப்பை அழுத்த வேண்டாம். அங்கே படம் இருந்தால் அதே கீறல், அதே கறை இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பெயர் கேள்விப்படாத நிறுவனத்தின் பெட்டியில் ‘எம்.எஸ். 67’ என்று இருந்தால் பெட்டியை மறந்துவிட்டு, மேலே சொன்ன விளக்குச் சோதனையைச் செய்யுங்கள்.

‘வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் இருந்தால் லட்சாதிபதி’ ரகச் செய்திகளைப் பற்றி ஒரே வரி: காசு விற்க நீங்கள் முதலில் பணம் கட்ட வேண்டும் என்றால் அது மோசடி. பழைய நோட்டு, காசு விற்றுத் தருவதாகத் தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம், கமிஷன், வரி கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அப்படி வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்றும் சொன்னது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

அந்தச் சிவப்புத் துணி முடிச்சிலிருந்து காசுகளை எடுத்து, ஒன்றோடு ஒன்று உரசாமல் தனித்தனியாக வையுங்கள். மலிவான, மெத்தென்ற பிளாஸ்டிக் பைகள் வேண்டாம். அவற்றில் இருக்கும் பி.வி.சி. நாளாக நாளாகக் காசின் மேல் பச்சைப் பிசுக்காக இறங்கும். காசு சேகரிப்பவர்களுக்கான அட்டை ஹோல்டர்கள் சில ரூபாய்க்கே கிடைக்கின்றன. ‘பி.வி.சி. இல்லாதது’ என்று கேட்டு வாங்குங்கள். ஹோல்டரின் மேல் ஆண்டு, எடை, நீங்கள் கணித்த கிரேடு, யார் கொடுத்தது என்பதைக் காசை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். வைத்த பிறகு எழுதினால் பேனா அழுத்தம் ராஜா கன்னத்தில் விழும்.